தலைமன்னாருக்கு ஒரு சீட்டு

எழும்பூர் ஸ்டேஷனில் கொழும்புக்கு டிக்கெட் வாங்கிய காலம் ஒன்று உண்டு. இதை வேடிக்கைப் பேச்சென்று நேயர்கள் எண்ண வேண்டாம். 1914-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதன் பின்னர், ‘போட் மெயில்’ என்று ஜனங்கள் அழைத்த வண்டியில் சென்னையில் ஏறியவர் மறுநாள் தனுஷ்கோடியில் இறங்குவார். அங்கே காத்து நிற்கும் ஸ்டீமரில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் தலைமன்னார். அங்கிருந்து மறுபடி ரயில். பொழுது விடிந்தால் கொழும்பு. ஸ்டீமர்களுக்கு இர்வின், கோஷன் என்று துரைமார்களின் பெயர்கள். ஆனால் அவற்றில் நிறைந்திருந்தவர்கள் ராமநாதபுரத்துக்காரர்களும் திருநெல்வேலிக்காரர்களும்தாம். பாஸ்போர்ட் எங்கே என்று கேட்பாரில்லை. விசா என்ற சொல் அந்த வழியில் ஒலித்ததேயில்லை.

இது வெள்ளை வேட்டிப் பிரயாணியின் கதை. தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஏழைத் தொழிலாளியின் கதை வேறு. அவரை மண்டபத்தில் வண்டியை விட்டு இறக்கி விடுவார்கள். இந்திய மண்ணிலேயே இலங்கைச் சர்க்கார் நடத்தி வந்த முகாம் அங்கே இருந்தது. வைத்திய பரிசோதனை, அம்மை குத்துதல், தொற்றுநோய்க்கு அஞ்சிச் சில நாட்கள் ஒதுக்கி வைத்தல் எல்லாம் அங்கே நடந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்று காட்டுவதற்காகத் தகரச் சீட்டு ஒன்றையும் கொடுத்தார்கள். தோட்டத்துக்குப் போன பின்போ ‘துண்டு’ என்ற ஒரு காகிதம். இன்னாருடைய கடன் இவ்வளவு, அதைக் கட்டுகிறவரிடம் ஆளை விட்டு விடுகிறோம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. 1921-இல் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள். ஆக, மனிதனுக்கு முன்னால் காகிதத்தைப் பார்க்கும் வழக்கம் பாக் ஜலசந்தியில் விசாவோடு பிறந்ததல்ல; விசாவுக்குத் தாத்தா தகரச் சீட்டு.

இவ்விடத்தில் பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் உள்ள பேதத்தைச் சொல்லிவிடுவது நலம். படித்த குடும்பங்களிலும் இதில் குழப்பம் உண்டு. இவர் எம்முடைய பிரஜை என்று நமது அரசாங்கம் கொடுக்கும் அத்தாட்சி பாஸ்போர்ட். இவர் எம்முடைய வாசலுக்கு வரலாம் என்று அயல் அரசாங்கம் அதே புஸ்தகத்தில் வைக்கும் முத்திரை விசா. லத்தீன் பாஷையில் அதற்குப் ‘பார்க்கப்பட்டது’ என்று பொருள். முதலாவது இல்லாதவனுக்கு இரண்டாவதைக் கேட்கவே வழியில்லை. அப்படியானால், நீ யாருடைய பிரஜை என்ற கேள்விக்கு விடையே இல்லாதவன் என்ன செய்வான்? பத்து லட்சம் தமிழர்களுக்கு நேர்ந்த சங்கடம் இதுதான்.

வாசலைச் சாத்தத் தொடங்கியது இலங்கை மட்டுமல்ல என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லவேண்டும். இலங்கைச் சர்க்கார் தன் இலாகாக்களிலிருந்து இந்தியத் தொழிலாளரை நீக்கியபோது, அதற்குப் பதிலாக 1939 ஆகஸ்டில் இந்திய சர்க்கார் சாதாரணத் தொழிலாளர் இலங்கைக்குப் போவதையே தடுத்தது. கோபம் நியாயமானதுதான், அதன் பலனை அனுபவித்தவர்களோ தோட்டத்து லயங்களில் இருந்தவர்கள். ஊருக்குப் போனால் திரும்பி வர முடியுமோ என்று அவர்கள் அஞ்ச நேர்ந்தது.

1948-இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அந்த வருஷமே பிரஜா உரிமைச் சட்டம் வந்தது. தந்தை இலங்கையில் பிறந்தவர், அல்லது பாட்டனும் முப்பாட்டனும் இலங்கையில் பிறந்தவர்கள் என்று காட்டினால்தான் ஒருவன் பிறப்பால் பிரஜை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சேர்த்துக் கொள்ளும் வேலையைப் பல வருஷங்களாகப் பார்த்து வரும் நமக்கு, இது எத்தகைய நிபந்தனை என்று நன்றாகத் தெரியும். “பிறந்த தேதி என்ன?” என்று கேட்டால், “பெரிய புயல் அடித்ததே, அதற்கு அடுத்த தை மாசம்” என்று சொல்லும் தாய்மார்களை இன்றும் காண்கிறோம். நூறு வருஷத்துக்கு முன் மலைத் தோட்டத்தில் பிறந்த பாட்டனாருக்குப் பிறப்புப் பத்திரம் கொண்டு வா என்றால் எங்கே போவது?

1949-இல் இன்னொரு சட்டம் செய்தார்கள். கல்யாணமானவர் ஏழு வருஷமும், ஆகாதவர் பத்து வருஷமும் இடைவிடாமல் வசித்திருந்தால் மனுச் செய்து கொள்ளலாம். இதில் ஒரு நுட்பம். ஊருக்குப் போனவர் ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கியிருந்தால் அந்த வசிப்பு அறுந்து போயிற்று. தாயின் நோயைப் பார்க்கப் போனவரும், தங்கையின் கல்யாணத்தை முடிக்கப் போனவரும் இதில் அகப்பட்டுக் கொண்டார்கள். எட்டு லட்சம் பேருக்கு மேல் மனுக்களில் இடம் பெற்றனர். உரிமை கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கே.

அதே 1949-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி, வருவோர் போவோர் பற்றிய சட்டம் அமலுக்கு வந்தது. போட் மெயிலில் விசா ஏறி உட்கார்ந்தது அன்றுதான். சொந்த பந்தங்களைப் பார்க்க இக்கரைக்கு வர ஒரு காகிதம், திரும்பிப் போக மற்றொரு காகிதம் என்றாயிற்று. காகிதம் கிடைக்காதவர்கள் இரவில் தோணி ஏறினார்கள். அதிலிருந்து ‘கள்ளத்தோணி’ என்றொரு வசைச் சொல் பிறந்தது. தோணியையே காணாமல் நுவரெலியாவிலும் ஹட்டனிலும் பிறந்து வளர்ந்தவர்கள் மேலும் அதை வீசினார்கள். வீசியவர்களில் தமிழ் பேசுவோரும் இருந்தனர் என்பது நமக்கு வெட்கம்.

1964 அக்டோபர் 30-ஆம் தேதி ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து கொண்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு; 3,00,000 பேர் இலங்கைக்கு; எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்த்துக் கொள்ளப்படுவர். (1974-இல் அவர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள்.) நாம் வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதினால் கூட்டல் கணக்கு சரியாக வரும். ஆனால் அண்ணன் ஒரு கணக்கிலும் தம்பி மற்றொரு கணக்கிலும் விழுந்த வீடுகள் எத்தனையோ. இந்தியப் பிரஜையாகப் பதிவானவருக்குப் பாஸ்போர்ட் வந்தது. அதில் இலங்கையில் தங்கியிருப்பதற்கு விசா. பிறந்த லயத்தை விட்டு ஓரடியும் நகராதவர், அந்த லயத்திலேயே விசாவின் மேல் குடியிருக்கும் அந்நியராகி விட்டார். முறை வரும் வரையிலோ, ஐம்பத்தைந்து வயது வரையிலோ, எது முந்தியதோ அதுவரை வேலை பார்க்கலாம்.

ஒப்பந்தம் கையெழுத்தாகி எட்டு வாரம் முடியவில்லை. டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு தாயகம் திரும்பியவர்களை ‘ராமானுஜம்’ என்ற கப்பல் தலைமன்னாரிலிருந்து ராமேசுவரத்துக்குக் கொண்டு வந்து சேர்த்தது. இறங்கியதும் அவர்களை வரவேற்றது, பாட்டன்மாரை வழியனுப்பிய அதே மண்டபம் முகாம்! நீலகிரித் தேயிலைக்கும் வேறிடங்களுக்கும் அங்கிருந்து பிரிந்து போனார்கள். 1983-க்குப் பின் யுத்தத்துக்கு அஞ்சி ஓடிவந்த ஈழத்து அகதிகளுக்கும் அதுவே புகலிடமாயிற்று. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 2003-ஆம் வருஷச் சட்டம் பிரஜா உரிமை வழங்கியது. முதற் சட்டத்துக்கும் இதற்கும் ஐம்பத்தைந்து வருஷ இடைவெளி.

உல்லாசப் பிரயாணிக்கு இன்று கஷ்டமில்லை. 2012 முதல் வீட்டிலிருந்தபடியே கணினி மூலம் இலங்கைக்கு அனுமதி கேட்கலாம். 2023 அக்டோபர் 14-இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விடப்பட்டது. சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி புறப்பட்டது.

அகதி முகாம்களில் உள்ளோர் நிலைமை வேறு. பாஸ்போர்ட்டும் விசாவும் இன்றி வந்ததால் அவர்கள் சட்டத்தின் கண்ணில் அத்துமீறி நுழைந்தவர்களாகவே இருந்து வந்தார்கள். 2025 செப்டம்பரில் இந்திய அரசாங்கம் ஓர் உத்தரவு பிறப்பித்தது: 2015 ஜனவரி 9-ஆம் தேதிக்கு முன் வந்து அகதிகளாகப் பதிந்து கொண்ட இலங்கைத் தமிழர்களை, அந்தக் காகிதங்கள் இல்லாத குற்றத்துக்காகத் தண்டிப்பதில்லை என்பது அதன் சாரம். தண்டனை நீங்கிற்று, பிரஜா உரிமை அந்த உத்தரவில் இல்லை. முகாமில் பிறந்து நமது பள்ளிக்கூடங்களில் படித்துத் தேறிய பிள்ளை, மேற்படிப்புக்கு வேறொரு தேசத்தின் விசா வேண்டி மனுவை எடுத்து வைத்துக் கொண்டு, ‘எந்த நாட்டுப் பிரஜை’ என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று நம்மைக் கேட்கிறான்.