உங்களுக்குத் தெரியுமா? ஏற்காட்டுக் கல்லறையும் காப்பிச் செடியும்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. படகு விடும் ஏரியோடு திரும்பிவிடுகிறவர்களே அதிகம். ஆனால் இந்தச் சின்ன ஊரை வளர்த்தது ஏரி அல்ல, காப்பி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்து நட்டார். இன்றும் ஓங்கி நிற்கும் சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பி விளைகிறது. அதே மரங்களைப் பற்றி மிளகுக் கொடி ஏறுகிறது. ஒரே நிலத்தில் இரண்டு வருமானம்! மலையின் பாக்சைட்டோ லாரிகளில் இறங்கி, மேட்டூர் மால்கோ ஆலையில் அலுமினியமாயிற்று. தோட்டங்கள் வருவதற்கு முன்பிருந்தே இங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களை விட்டுவிட்டு இந்த ஊரின் கதையைச் சொல்லவே முடியாது. சேர்வராயன் அவர்களுடைய தெய்வம், குகைக்குள் கோயில்.

ஏற்காடு ஹோலி டிரினிடி தேவாலயத்துக்கும் அவசியம் போய்ப் பாருங்கள். 1863இல் பல்லாவரத்தில் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்து, இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்கே வழி திறந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், ஓய்வுக்குப் பின் இந்த ஊரில்தான் குடியிருந்தார். 1912இல் கல்கத்தாவில் இறந்த அவருடைய அஸ்தி இந்தத் தேவாலயத்தில்தான் அடக்கம். அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் காலமானதும் ஏற்காட்டில்தான், 1882இல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு பைபிளைத் தமிழாக்கியவர், 1855இல் சென்னையில் ‘தினவர்த்தமானி’ இதழைத் தொடங்கியவர் அவர். தமிழ் உரைநடை வரலாற்றில் இத்தனை முக்கியமான ஒருவரின் பெயர் ஏற்காட்டுச் சுற்றுலாப் பலகைகளில் பெரிதாக இடம்பெற வேண்டும்.