ஒரு நூலும் நான்கு நட்டுகளும்

தொடக்கப் பள்ளி அறிவியல் என்றதும் தாவரத்தின் பகுதிகள், நீரின் மூன்று நிலைகள், கோள்களின் பெயர்கள் முதலியவை நம் நினைவுக்கு வருகின்றன. சிறுவர்கள் இவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் இவை யாவும் பிறர் கண்டறிந்து சொன்னவை. 'ஒரு செய்தி உண்மையா என்று நானே எப்படிச் சோதிப்பது?' என்ற வினாவுக்கு இவற்றில் விடை இல்லை. அதை எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைகளுக்குக் கற்பிக்க முடியுமா? முடியும். மூன்று முழம் நூல், நான்கு இரும்பு நட்டுகள், வினாடி முள் உள்ள ஒரு கடிகாரம் ஆகியவை போதும்.

வகுப்பறையில் ஊசல்

ஒரு நட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டால் அது ஓர் ஊசல். அதைச் சற்று இழுத்து விட்டால் மறுபக்கம் சென்று, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும். இவ்வாறு ஒரு முறை போய் வருவது ஓர் அலைவு.

மாணவர்களை நான்கு பேர் கொண்ட குழுக்களாகப் பிரிக்கலாம். பெஞ்சின் விளிம்புக்கு வெளியே நீட்டியவாறு ஒரு பென்சிலை வைத்து, அதன்மேல் கனமான புத்தகங்களை அடுக்கி அசையாமல் செய்ய வேண்டும். நூலைப் பென்சிலில் இறுகக் கட்ட வேண்டும். நூலைக் கையில் பிடித்தால் கையும் சேர்ந்து ஆடும். ஒருவர் நட்டை இழுத்து விடுவார், ஒருவர் எண்ணுவார், ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துத் 'தொடங்கு', 'நிறுத்து' என்பார், ஒருவர் எழுதுவார். அடுத்த முறை வேலையை மாற்றிக்கொள்வார்கள்.

தொங்கும் இடத்திலிருந்து நட்டின் நடுப்பகுதி வரை 25 செ.மீ. இருக்கட்டும். ஒரு நிமிடத்துக்கு எண்ணச் சொல்லுங்கள். நட்டை விடும்போது 'சுழி' என்று தொடங்கி, அது திரும்பி வந்ததும் 'ஒன்று' எனல் வேண்டும். விடும்போதே 'ஒன்று' என்றால் கணக்கில் ஓர் அலைவு கூடிவிடும். கவனமாக எண்ணினால் 60 வரும். 59 அல்லது 61 வந்தாலும் வியப்பில்லை.

முதலில் ஊகம், பிறகு சோதனை

இப்போது ஆசிரியர் கேட்க வேண்டிய வினா இது: 'ஊசல் இன்னும் வேகமாகப் போய் வர வேண்டுமானால் எதை மாற்றலாம்?' நட்டுகளைக் கூட்டலாம், நூலின் நீளத்தை மாற்றலாம், இன்னும் தள்ளி இழுத்து விடலாம் என மூன்று விடைகள் பொதுவாக வரும். எந்த விடைக்கு எத்தனை பேர் என்று கையுயர்த்தச் சொல்லிக் கரும்பலகையில் எழுதிவிடுங்கள். 'கனமானது வேகமாக ஆடும்' என்ற பக்கம் நிறையக் கைகள் உயரும். ஊகத்தை எழுதி வைத்த பிள்ளை, விடையைக் காண ஆவலோடு இருக்கும்.

முதலில் கனம். ஒரு நட்டுக்குப் பதிலாக நான்கு நட்டுகள். இங்கே ஒரு கண்ணி மறைந்திருக்கிறது. நட்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டினால் அவற்றின் நடுப்பகுதி கீழே இறங்கி, ஊசல் நீண்டுவிடும். கனத்தை மட்டும் மாற்ற எண்ணியவன் தெரியாமல் நீளத்தையும் மாற்றிவிட்டான். நான்கையும் ஒரே முடிச்சில் சேர்த்துக் கட்டி, மீண்டும் 25 செ.மீ. அளந்த பிறகே விட வேண்டும். விடை முன்போலவே 60.

அடுத்து, இழுக்கும் தொலைவு. நான்கு விரல் அகலம் இழுத்து விட்டாலும் இரண்டு விரல் அகலம் இழுத்து விட்டாலும் எண்ணிக்கையில் வேறுபாடு தெரியாது. நூல் படுக்கை நிலைக்கு வரும்வரை தூக்கி விட்டால் மட்டும் ஊசல் சற்று மெதுவாக ஆடும். ஆகவே சிறிதளவே இழுக்க வேண்டும்.

கடைசியாக நீளம். இங்கேதான் எண்கள் மாறும். 50 செ.மீ. நூலுக்கு ஏறத்தாழ 42, 100 செ.மீ. நூலுக்கு 30, 11 செ.மீ. நூலுக்கு ஏறத்தாழ 90.

மாறுபட்ட விடை வந்தால்?

எல்லாக் குழுக்களும் 59, 60, 61 என்று சொல்ல, ஒரு குழு மட்டும் 66 என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்? 'தவறு, 60 என்று எழுதிக்கொள்' என்றால் பாடம் அங்கேயே முடிந்துவிட்டது. கண்ணால் கண்டதைவிட ஆசிரியர் எதிர்பார்ப்பதை எழுதுவதே நல்லது என்று அந்த நால்வரும் கற்றுக்கொள்வார்கள். பிறகு கல்லூரி ஆய்வகத்துக்கு வந்தாலும், விடையை முதலில் எழுதிவிட்டு அளவுகளை அதற்கேற்பத் 'திருத்தும்' பழக்கம் அவர்களை விடாது.

66-ஐயும் கரும்பலகையில் எழுதுங்கள். அக்குழுவின் நூலை எல்லார் முன்னிலையிலும் அளக்கச் சொல்லுங்கள். நூல் ஏறத்தாழ 21 செ.மீ. இருக்கக்கூடும், முடிச்சுப் போடும்போது நான்கு செ.மீ. உள்ளே போயிருக்கலாம். அப்படியானால் அவர்கள் எண்ணியது சரி; 21 செ.மீ. ஊசலுக்கு அதுவே விடை. நீளம் குறைந்தால் எண்ணிக்கை கூடும் என்பதற்கு இன்னொரு சான்றும் கிடைத்துவிட்டது!

ஏன் இப்படி?

கனமான நட்டைப் பூமி அதிக விசையுடன் இழுக்கிறது. ஆனால் கனமான பொருளை அசைப்பதும் அதே அளவு கடினம். நான்கு மடங்கு இழுப்பு. அசைக்க நான்கு மடங்கு கடினம். இரண்டும் ஈடுகட்டிக்கொள்வதால் வேகம் மாறுவதில்லை.

நீளத்தின் கதை வேறு. ஒரே கோணத்துக்கு இழுத்து விட்டால், நான்கு மடங்கு நீண்ட ஊசலின் நட்டு நான்கு மடங்கு நீண்ட பாதையில் செல்ல வேண்டும். பாதையின் சரிவோ அதேதான். சரிவில் இறங்கும் பொருள் ஒரு வினாடியில் செல்லும் தொலைவைப்போல் இரண்டு வினாடிகளில் நான்கு மடங்கு சென்றுவிடுகிறது. ஆகவே நான்கு மடங்கு பாதைக்கு இரண்டு மடங்கு நேரமே பிடிக்கிறது. 25 செ.மீ. 100 செ.மீ. ஆகும்போது 60 அலைவு 30 ஆவது இதனால்தான். ஊசலின் இந்த ஒழுங்கை ஆராய்ந்தவர் இத்தாலிய அறிஞர் கலிலியோ. அதைக்கொண்டு 1656-இல் கடிகாரம் அமைத்தவர் ஹாலந்து நாட்டு ஹைகன்ஸ்.

ஜெனீவாவில் கண்டது

இதே ஊசலைச் சிறுவர் கையில் கொடுத்து அவர்கள் சிந்திக்கும் முறையை ஆராய்ந்தவர்கள் பார்பெல் இன்ஹெல்டர், ஜீன் பியாஜே ஆகியோர். ஜெனீவாவில் நடந்த இந்த ஆய்வு 1955-இல் நூலாக வெளிவந்தது. சிறு வயதினர் கனத்தையும் நீளத்தையும் ஒருசேர மாற்றிவிட்டு, கனத்தால்தான் வேகம் மாறியது என்று முடிவு கட்டினர். மற்றவற்றை மாற்றாமல் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் முறை, வளர்ந்த பிள்ளைகளிடமே தானாகத் தோன்றியது.

அப்படியானால் தொடக்கப் பள்ளியில் இதைக் கற்பிப்பது வீணா? இல்லை. 1999-இல் அமெரிக்காவில் சென், கிளார் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வில், 7 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு இம்முறையைத் தெளிவாக விளக்கிச் சொன்னபோது அவர்கள் அதைக் கற்றுக்கொண்டது தெரிய வந்தது. ஆகவே, பொருள்களைக் கையில் கொடுத்துவிட்டு ஆசிரியர் ஒதுங்கி நிற்பது போதாது. விடையைச் சொல்லிவிடுவதும் கூடாது. 'இப்போது எதை மாற்றினாய்? வேறு எதுவும் மாறிவிட்டதா?' என்ற இரண்டு வினாக்களை ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்.

வீட்டுக்குச் சில சவால்கள்

வீட்டில் செய்யக் கொடுக்கும் வேலை பல சமயங்களில் பெற்றோரின் வேலையாகிவிடுகிறது. கடையில் தெர்மாகோலும் வண்ணத்தாளும் வாங்கித் தந்தை இரவு முழுவதும் ஒட்டியதை, மறுநாள் பிள்ளை சுமந்து வருகிறது. வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளை வெறுங்கையோடு வந்து தலைகுனிந்து நிற்கிறது. வீட்டுச் சவாலுக்குச் செலவு இருக்கக்கூடாது. அதன் விடை, செய்து பார்த்தால் மட்டுமே கிடைப்பதாக இருக்க வேண்டும்.

முதல் சவால்: வகுப்பில் 25 செ.மீ. நூலுக்கு 60 அலைவு மட்டும் கண்ட கட்டத்தில் இதைக் கொடுக்கலாம். 'நிமிடத்துக்கு 30 அலைவு மட்டும் வர நூல் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?' பெரியவர்களும் 'பாதியாக வேண்டுமென்றால் நீளம் இரு மடங்கு, 50 செ.மீ.' என்பார்கள். கதவுத் தாழ்ப்பாளில் நூலைக் கட்டி, சாவிக்கொத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தால் உண்மை தெரியும்.

இரண்டாம் சவால்: ஊஞ்சல் உள்ள வீட்டிலோ பூங்காவிலோ, பெரியவர் ஒருவர் துணையுடன் செய்ய வேண்டியது. ஊஞ்சலில் அமர்ந்து, ஒரே ஒரு முறை தள்ளிவிடச் சொல்லி, காலை உந்தாமல் 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைக் குறியுங்கள். பிறகு கயிற்றைப் பற்றி நின்றுகொண்டு மெதுவாக ஆடிக் குறியுங்கள். நின்றால் சில வினாடிகள் குறையும். ஆடுபவரின் கனம் மாறவில்லை. கயிற்றின் நீளமும் மாறவில்லை. பிறகு மாறியது எது? நட்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டினால் என்ன ஆயிற்று என்று நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

பெற்றோர் செய்ய வேண்டியது நூலைக் கட்டித் தருவது, கடிகாரம் பார்ப்பது ஆகிய இரண்டே. விடை தெரிந்தாலும் சொல்லிவிடாதீர்கள்.

வாசகர்களுக்கும் ஒரு சவால்: நிமிடத்துக்குச் சரியாக 20 அலைவு ஆடும் ஊசலின் நீளம் என்ன? விடையை இங்கே தரப்போவதில்லை. முதலில் ஓர் ஊகத்தைத் தாளில் எழுதுங்கள். பிறகு மாடிப்படியின் கைப்பிடியிலிருந்து நூலைத் தொங்கவிட்டு எண்ணத் தொடங்குங்கள்: சுழி, ஒன்று, இரண்டு...