கோணிய கைபிடி

பழைய மோட்டார்ச் சைக்கிளொன்றை விலைக்கு வாங்கச் செல்பவர் முதலில் அதன் வர்ணத்தைப் பார்ப்பர். அடுத்து இயந்திரத்தின் ஓசையைக் கேட்பர். பின்னர் விலை பேசுவர். நேரான வீதியிற் செல்லும்போது கைபிடியும் நேராக நிற்கின்றதா என்று பார்ப்பவர் சிலரே. இலங்கையில் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் தொடங்கிற்று. அவ்விடைக்காலத்திற் பழைய வண்டிகள் பல கைமாறின. அவற்றுள் விழுந்தெழுந்த வண்டிகளும் இருத்தல் இயல்பே. ஆகவே, கோணலின் தன்மை யாது, எதனைத் திருத்தலாம், எதனைத் திருத்தலாகாது என்பன அறியத்தக்கவை.

முதலில் உறுப்புகளை நோக்குவோம். முன்சில்லின் இரு புறமும் மேலெழும் இரண்டு கால்களும் சேர்ந்ததே முன்கவை. கராச்சுகளில் இதனைப் ‘போக்’ என்பர். ஒவ்வொரு காலிலும் ஒரு குழலினுள் மற்றொரு குழல் ஏறியிறங்கும். உள்ளேயுள்ள சுருள்வில்லும் எண்ணெயும் அதிர்ச்சியைத் தணிக்கும். எண்ணெயால் அதிர்ச்சி தணிக்கும் இவ்வகைக் கவையை ஜேர்மனியின் பீ.எம்.டபிள்யூ. நிறுவனம் 1935ஆம் ஆண்டில் தன் வண்டிகளிற் பொருத்தியது. இன்று பெரும்பாலான வண்டிகளில் இருப்பதும் இம்முறையே. இரு கால்களையும் மேலும் கீழுமாக இரண்டு குறுக்குச் சட்டங்கள் பிடித்துள்ளன. மாட்டுவண்டியின் நுகம் இரண்டு எருதுகளை இணைப்பதுபோல இவையும் இணைப்பதால், மேல்நுகம், கீழ்நுகம் என்றே இவற்றைக் கூறலாம். நுகங்களை இணைக்கும் நடுத்தண்டு, வண்டிச் சட்டத்தின் தலைக்குழாயினுள் பெயாரிங்குகளின் உதவியாற் திரும்புகின்றது. கைபிடி மேல்நுகத்தின்மீது அமர்ந்துள்ளது.

வண்டி மெதுவாகச் செல்கையிற் பக்கமாகச் சரிந்தால், கைபிடியின் நுனி நிலத்தில் மோதும். நுகங்கள் குழல்களைத் தம் இறுக்கத்தினாலேயே பற்றியுள்ளன. ஆதலால் அடிபட்டதும் குழல்கள் அப்பிடிக்குள் வழுக்கி, மேல்நுகம் ஒரு திசையையும் கீழ்நுகம் மற்றொரு திசையையும் நோக்கி நின்றுவிடும். இங்கே எதுவும் வளையவில்லை; முறுகல் மட்டுமே நேர்ந்துள்ளது. ஆனால், மதிலிலோ மற்றொரு வாகனத்திலோ முன்சில்லு நேரே மோதினால், குழல்களே பின்னோக்கி வளையக்கூடும். முறுகல் வேறு, வளைவு வேறு. முன்னது ஸ்பானரால் தீரும், பின்னது தீராது.

இரண்டையும் பிரித்தறிதல் கடினமன்று. கீழ்நுகத்திற்குச் சற்றுக் கீழே, இரு குழல்களின்மீதும் படும்படி தடித்த கண்ணாடித் துண்டொன்றை வைக்க வேண்டும். அது ஆடாது படிந்தால் குழல்கள் ஒரே தளத்தில் உள்ளன. ஒரு மூலை ஆடினால் முறுகலோ வளைவோ உண்டு. ஐயம் நீங்க, குழலைக் கழற்றிச் சமமான கண்ணாடிமேல் உருட்டிப் பார்த்தல் வேண்டும். உருளும்போது இடையிடையே அடியில் ஒளி தெரிந்தால் குழல் வளைந்துள்ளது. தயாரிப்பாளர் பலர் பொறுக்கும் எல்லை 0.2 மில்லிமீற்றரே ஆதலால், கண்ணுக்குத் தெரியும் வளைவு எல்லை கடந்ததாகும். கைபிடிக் குழாயே வளைந்திருந்தால், அதன் இரு நுனிகளும் ஒரே உயரத்தில் நில்லா. அதனை மாற்றினாற் போதும்.

முறுகலைத் திருத்தும் முறை வருமாறு. வண்டியை நடுத்தாங்கியில் உறுதியாக நிறுத்தி, மட்காட்டின் திருகாணிகள், சில்லின் அச்சு, இரு நுகங்களின் பிடித்திருகாணிகள், நடுத்தண்டின் உச்சி நட்டு ஆகியவற்றைத் தளர்த்துக, முற்றாகக் கழற்றற்க. முன்னால் நின்று சில்லை முழங்கால்களுக்கிடையே பற்றி, கைபிடி அச்சுக்கு ஒப்ப நிற்கும்வரை அதனைத் திருப்புக. மீண்டும் கண்ணாடியை வைத்துப் பார்த்தபின், கீழ்நுகம், உச்சி நட்டு, மேல்நுகம் என்ற ஒழுங்கில் இறுக்குக. அச்சின் நட்டைக் கையிறுக்கமாக விட்டு, வண்டியைத் தாங்கியிலிருந்து இறக்கி, முன்பிறேக்கைப் பிடித்தவாறு கவையை நான்கைந்து முறை கீழ்நோக்கி அமுக்குக. கால்கள் தத்தம் இயல்பான நிலையை அடையும். அதன் பின்னரே அச்சையும் மட்காட்டையும் இறுக்குதல் வேண்டும். இறுக்கத்தின் அளவு அவ்வண்டியின் கைந்நூலிற் கூறியவாறே இருத்தல் நன்று. மிகை இறுக்கம் வார்ப்பு அலுமினிய நுகத்தை வெடிக்கச் செய்யும். இறுதியாக, கைபிடியை இருபுறமும் முழுமையாகத் திருப்பி, கேபிள் எதுவும் இழுபடவில்லை என உறுதிசெய்க.

வளைந்த குழலை நிமிர்த்தலாகாதா என்று கேட்கலாம். மருத்துவமனைத் தள்ளுவண்டியின் சிறுசில்லைக் காண்க. அது தன் திருப்பு முனைக்குப் பின்னால் நிலத்தைத் தொடுவதாலேயே தள்ளும் திசையில் தானே நேராகின்றது. மோட்டார்ச் சைக்கிளின் முன்சில்லும் அவ்வாறே. கவை பின்னோக்கி வளைந்தால் அப்பின்தூரம் தன் உரிய அளவினின்று மாறி, வண்டி திரும்பும் இயல்பும் மாறிவிடுகின்றது. தீயிற் காய்ச்சி நிமிர்த்திய உருக்கு தன் பழைய வலிமையையும் இழந்துவிடும். பார்வைக்கு நேராக நிற்கும் அக்குழல், பின்னொருநாட் பள்ளத்தில் விழுகையில் மீண்டும் வளையலாம், முறியவும் கூடும். தலைக்குழாயின் அருகே வர்ணம் சுருங்கியோ வெடித்தோ இருப்பின், அடி வண்டிச் சட்டத்தையே தாக்கியிருக்கலாம். அத்தகைய வண்டியை வாங்காமல் விடுவதே அறிவுடைமை.

முன்சில்லை நிலத்தினின்று உயர்த்திக் கவையின் அடியைப் பற்றி முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பதும் மறக்கத்தகாதது. அசைவு தோன்றினாலோ, கைபிடி நடுநிலையில் தடக்கி நின்றாலோ, தலைக்குழாயின் பெயாரிங்குகள் தளர்ந்தோ பழுதுற்றோ உள்ளன.

இச்சோதனைகளுக்கு வேண்டுவன ஒரு கண்ணாடித் துண்டும் அரைமணி நேரப் பொறுமையுமே. வாங்குபவர் இவற்றைச் செய்தல் தம்மைக் காக்கும். விற்பவர் வளைந்த குழலுக்கு வர்ணம் பூசி மறையாது, உள்ளதை உள்ளவாறு சொல்லுதல், அவ்வண்டியின் பின்னிருக்கையில் நாளை அமரப்போகும் குழந்தையைக் காக்கும்.