ஊர் திரும்பிய பின்னும் முகம் கொடுப்பவர்

ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரர் பல்லக்கோடு பண்டரிபுரத்துக்குத் தான் யாத்திரையாக நடந்ததைப் பற்றி இராவதி கார்வே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். 1905இல் பர்மாவில் பிறந்து, ஐராவதி ஆற்றின் பெயரையே தன் பெயராகப் பெற்றவர். புனே டெக்கான் கல்லூரியில் மானுடவியல் பேராசிரியராக இருந்தவர். அவர் நடந்த கூட்டத்தில் பகலெல்லாம் எல்லோர் வாயிலும் ஒரே அபங்கப் பாட்டுத்தான். சாப்பாட்டு வேளையில் மட்டும் பிராமணருக்கு ஓர் அடுப்பு, மராத்தாவுக்கு ஓர் அடுப்பு. பொறுக்க முடியாமல் அவர் மராத்தா பெண்களோடு போய்ச் சாப்பிட்டார். அதன் பிறகு அந்தப் பெண்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள், குடும்பக் கதை சொன்னார்கள், அக்கா என்று கூப்பிட்டார்கள். புனேக்கு வந்து பார்ப்போம் என்றும் சொன்னார்கள். அப்போது ஓர் இளம்பெண் கேட்டாள், அங்கே வந்தாலும் எங்களோடு இப்படியே பழகுவீர்களா என்று. கார்வேயை அந்தக் கேள்வி உலுக்கிவிட்டது. 1962இல் அந்தக் கட்டுரை ஆங்கிலத்தில் வெளியானது.

மும்பைத் தமிழர்களுக்கு அதுபோன்ற நடை ஷிர்டிப் பாதயாத்திரை. ஏறக்குறைய 240 கிலோமீட்டர். தானே, ஷஹாபூர் கடந்து கசாரா மலையேறி, இகத்புரி, கோட்டி, சின்னர் வழியாகப் போகவேண்டும். ராமநவமியை ஒட்டி நடப்பவர்களுக்குப் பங்குனி வெயிலில் தார் கொதிக்கும்.

நான் முதலில் நடந்த காலத்தில், கூட்டத்தில் தனியாக வந்தவர் யாரென்று முதல் நாளே தெரிந்துவிடும். சாயங்காலம் எஸ்.டி.டி. பூத் வாசலில் வரிசை நிற்கும். அவர் மட்டும் வரிசையில் நிற்கமாட்டார். கொப்புளத்துக்கு மருந்து கேட்கவும் கூச்சப்படுவார். யாராவது ஒருவர் தன் நடையைக் குறைத்து அவர் பக்கத்தில் சேர்ந்துகொள்வார். ஊர், பெயர் எதுவும் கேட்காமல் முதலில் தண்ணீர் பாட்டிலை நீட்டுவது வழக்கம். அதுதான் சரியான முறை என்று இன்றும் நம்புகிறேன்.

இப்போது தனியாள் கண்ணில் படுவதில்லை. எல்லோர் காதிலும் ஏதோ ஒன்று ஒலிக்கிறது, எல்லோரும் யாருடனோ வீடியோவில் பேசுகிறார்கள். வீட்டில் இருப்பவர்களுக்குக் கவலை குறைந்திருக்கிறது, பெண்கள் துணிந்து தனியே கிளம்பி வருகிறார்கள், அதெல்லாம் நல்லதே. ஆனால் அழைக்க ஆளில்லாதவரும் திரையைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். அவரை அடையாளம் காண்பது கடினமாகிவிட்டது. கசாரா ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போதுதான் காதிலிருப்பதைக் கழற்றுகிறார்கள். பேச்சுக் கொடுக்க அதுவே நேரம்.

அப்படித்தான் மாட்டுங்காக்காரர் ஒருவர் எனக்குப் பழக்கமானார். ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். நான் தாராவி. இரண்டு பேட்டைக்கும் நடுவில் மத்திய ரயில்வே தண்டவாளம்தான். ஆனால் திருநெல்வேலியிலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிட்டவர்களின் பிள்ளைகளும், ஆபீஸ் வேலைக்கு வந்து மாட்டுங்காவில் பஜனை சமாஜம் கண்டவர்களின் பிள்ளைகளும் அதைத் தாண்டிச் சிநேகமானது அபூர்வம். வழியில் நாங்கள் இருவருமே ஒருவருக்கொருவர் சாயிராம். ஒரே தட்டில் பிட்லா பாக்ரி சாப்பிட்டோம்.

அடுப்புகள் இன்று ஒன்றாகிவிட்டன. எங்கள் கூட்டத்தில் யார் கையால் சமைத்தது என்று எவரும் கேட்பதில்லை. பிரிவு ஷிர்டியில் வருகிறது. அத்தனை நாளும் ஒன்றாக நடந்தவர்களில் சிலர் கட்டணப் பாஸ் வாங்கி உள்ளே போய்விடுகிறார்கள், மற்றவர்கள் இலவச வரிசையில் நிற்கிறார்கள். கால் வீங்கிய முதியவருக்குப் பாஸ் தேவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. மற்றவர்கள் வாங்கும்போது மனசு வலிக்கிறது. மாட்டுங்காக்காரருக்கு மகன் அமெரிக்காவிலிருந்தே பாஸ் போட்டு அனுப்பியிருந்தார். அவர் அதைப் பயன்படுத்தாமல் என்னோடு வரிசையில் நின்றார்.

ஊர் திரும்பியதும் நான் அவரை சார் என்றேன், அவர் என்னைத் தம்பி என்றார். பொங்கலன்று தாராவியின் தொண்ணூறு அடி சாலையில் எங்கள் பெண்கள் வரிசையாகப் பானை வைத்திருந்தபோது சொன்னபடியே வந்தார், எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் வீட்டுக்கு நான் இன்னும் போனதில்லை. அடுத்த மாதம் மனைவியின் திதி, சாப்பிட வரவேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறார். அவருடைய அக்காமார் என்ன சொல்வார்கள் என்று இரண்டு பேருக்குமே தெரியாது. போகத்தான் போகிறேன்.