பழைய ஒலிநாடாக்களைக் கணினியில் திருத்திப் பாதுகாத்தல்

1980களிலும் 1990களிலும் ஜெர்மனிக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பழைய ஒலிநாடாக்கள் இன்னும் உள்ளன. மறைந்த பெரியோரின் குரலும், பாட்டிமார் பாடிய தாலாட்டும், பிள்ளைகளின் முதல் மழலையும் அவற்றில் பதிந்திருக்கலாம். நாடாவின் காந்தப்பூச்சு ஆண்டுகள் செல்லச் செல்ல நலிவடையும். ஒவ்வொரு முறை ஓடும்போதும் தேயும். ஆகவே அவற்றைக் காலத்தே கணினிக்கு மாற்றுதல் நன்று.

பதிவு செய்தல்: இதற்கு ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருள் போதுமானது. ஒலிநாடாக் கருவியின் ஒலி வெளியீட்டைக் கம்பி மூலம் கணினியின் ஒலி உள்ளீட்டுடன் இணைக்க வேண்டும். வினாடிக்கு 44,100 மாதிரிகள் என்னும் அளவு, மனிதச் செவிக்குக் கேட்கும் ஒலி அனைத்தையும் பதியப் போதும். ஒலியின் உச்சம் மைனஸ் 6 டெசிபல் அளவில் இருப்பது பாதுகாப்பானது. 0 டெசிபலைத் தாண்டினால் அலையின் நுனி வெட்டுண்டு ஒலி சிதையும். அதைப் பின்னர் முழுமையாகச் சீர்செய்ய இயலாது.

திருத்துதல்: முதற்பதிவைத் தொடாமல் வைத்து, அதன் நகலில் மட்டுமே திருத்த வேண்டும். பேச்சில்லாது இரைச்சல் மட்டும் கேட்கும் சில வினாடிகளைத் தெரிவுசெய்து, இரைச்சல் குறைப்பு வசதிக்கு மாதிரியாகக் கொடுக்கலாம். அளவு மிஞ்சினால் குரல் நீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் மாறிவிடும். சிறிது இரைச்சல் எஞ்சினும், குரலின் இயல்பு கெடாதிருப்பதே மேல்.

வெட்டி இணைத்தல்: ஒலியலை நடுக்கோட்டைக் கடக்கும் புள்ளியில் வெட்டினால் ‘டிக்’ என்ற ஓசை எழாது. இரு பகுதிகளை இணைக்கும்போது முன்னதன் ஒலியைச் சற்றே தணித்துப் பின்னதை மெல்ல உயர்த்தினால் இணைப்பு செவிக்குத் தெரியாது.

சேமித்தல்: முதற்பதிவை வேவ் வடிவத்தில் வைத்திருத்தல் வேண்டும். 60 நிமிட நாடாவுக்குச் சுமார் 600 மெகாபைட் இடம் தேவை. உறவினருக்கு அனுப்ப எம்பி3 வடிவம் போதும். அது அளவைச் சுருக்கும்போது ஒலியின் நுண்மையில் ஒரு பகுதியை இழக்கிறது. இரு வேறு இடங்களில் பிரதிகள் இருப்பது நல்லது. நாடாவின் மீது எழுதியுள்ள பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைக் கோப்பின் பெயரில் சேர்த்தால், அடுத்த தலைமுறையினர் குரலுக்குரியவரை அறிவர்.

உரிமை: குடும்பப் பதிவுகளை வீட்டில் கேட்பதற்குத் தடையில்லை. ஆனால் பதிப்புரிமை உள்ள பாடல்களைப் பொது விழாக்களில் ஒலிபரப்புவதாயின் கெமா அமைப்பிடம் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

கற்க உதவும் இடங்கள்: மைலாண்டர் பிளாட்ஸில் உள்ள நகர நூலகத்தின் இசைப் பிரிவில் இசை சார்ந்த நூல்களைப் பெறலாம். ரோட்டெபூல்பிளாட்ஸில் உள்ள ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலேயின் பாடத்திட்டத்தில் கணினி, ஊடகப் பயிற்சிகளைத் தேடிப் பார்க்கலாம். 99.2 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஸ்டுட்கார்ட் சுதந்திர வானொலி, பொதுமக்களே நிகழ்ச்சி தயாரிக்கும் நிலையம். ஒலித்திருத்தத்தைப் பழகி மேலும் முன்னேற விரும்புவோர் அதனையும் அணுகலாம்.