மூக்கறையன் திரும்பி வந்தான்

சிறுவர் பத்திரிகைகளுக்கு மாயாஜாலக் கதை எழுதுகிறவள் நான். சாபத்தால் நாட்டை இழந்த இளவரசன், காட்டில் அவனுக்கு ஒரு துணை, எல்லைக்கு அப்பாலிருந்து ஒரு படை, கடைசியில் பட்டாபிஷேகம். இந்த அச்சில் எத்தனை கதை வார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. சில வருடங்களுக்கு முன் மதுரையில் ஒரு நூலகத்தில் அப்படி ஒரு கதையைச் சொல்லி முடித்தேன். முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த சிறுமி ஒருத்தி கேட்டாள்: "ராஜா ஆயிட்டாரு, சரி. அவரைத் துரத்துனவங்களை அப்புறம் என்ன பண்ணாரு, அத்தை?"

"மன்னிச்சிட்டாரும்மா" என்று சமாளித்தேன். அவள் நம்பவில்லை. எனக்கும் அது தொண்டையில் முள்ளாகவே நின்றது.

அவள் கேள்விக்கு உண்மையான பதிலைத் தேடிப் போனபோதுதான் பைசாந்தியப் பேரரசன் இரண்டாம் ஜஸ்டினியனைச் சந்தித்தேன். சாபம், வனவாசம், துணை, படை எல்லாம் அவன் வாழ்க்கையில் நிஜமாகவே நடந்தவை. கிரேக்க மொழியில் அவனுக்கு 'ரினோட்மெட்டோஸ்' என்று பட்டப்பெயர். நம் மொழியில் சொன்னால் மூக்கறையன்.

ஒருவரை அவமானப்படுத்துவதை 'மூக்கறுப்பது' என்று சூர்ப்பணகையை நினைத்தோ நினைக்காமலோ தினமும் சொல்கிறோம். அவன் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லில், அது பேச்சுவழக்கு இல்லை, அரசியல் ஆயுதம். உடலில் குறை உள்ளவன் அரியணை ஏறக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். கண் தெரியாத திருதராஷ்டிரனை ஒதுக்கிவிட்டுப் பாண்டுவுக்குப் பட்டம் கட்டிய கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியும். ஆனால் அங்கே குறையைக் கத்தி வைத்து உண்டாக்கினார்கள். 641-இல் ஹெராக்லோனாஸ் என்ற இளம் அரசனின் மூக்கை அறுத்து விரட்டினார்கள். 681-இல் நான்காம் கான்ஸ்டன்டைன் தன் கூடப் பிறந்த தம்பிகள் இருவரின் மூக்கையும் அறுத்தான். இந்தக் கான்ஸ்டன்டைனின் மகன்தான் நம் ஜஸ்டினியன். சித்தப்பாக்கள் இருவருக்கும் அது நடந்தபோது அவனுக்கு ஏறக்குறைய பன்னிரண்டு வயது. அவன் தலையில் விழுந்த சாபம் அவன் வீட்டிலேயே விளைந்தது.

685-இல் பதினாறு வயதில் பட்டம் ஏறினான். மூளையும் பிடிவாதமும் ஒரே அளவில் இருந்த பையன். தங்கக் காசின் முன்பக்கத்தில் இயேசுவின் முகத்தை முதன்முதலில் பொறித்தவன் இவன்தான். தன் உருவத்தைப் பின்பக்கத்துக்குத் தள்ளி, 'கிறிஸ்துவின் அடிமை' என்று எழுதிக்கொண்டான். பணம் வசூலிக்க வைத்த ஆட்களோ அடிமைக் குணம் இல்லாதவர்கள். ஸ்தெபானோஸ் என்ற கருவூல அதிகாரி, அரசன் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, அரசனைப் பெற்ற தாய் அனஸ்தாசியாவையே பள்ளிப் பிள்ளையை அடிப்பதுபோல வாரால் அடித்தானாம். அந்த அம்மாளின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

695-இல் தளபதி லியோன்டியோஸ் கலகம் செய்து அரியணையைப் பிடித்தான். ஜஸ்டினியனின் தந்தையோடு இருந்த பழக்கத்துக்காகத் தலையை விட்டுவிட்டு மூக்கை அறுத்தான். கருங்கடலின் வடகரையில், இன்றைய கிரிமியாவில் இருக்கும் கெர்சோனுக்குக் கப்பலேற்றினான். நாற்பது வருடங்களுக்கு முன் போப் மார்ட்டினை ஜஸ்டினியனின் தாத்தா நாடுகடத்தியதும் அதே ஊருக்குத்தான். அந்தப் போப் அங்கேயே இறந்தார்.

கெர்சோனில் ஜஸ்டினியன் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. 'மறுபடி ஆள்வேன்' என்று வெளிப்படையாகவே பேசினான். ஊர்க்காரர்கள் பயந்து, இவனைக் கொல்வதா, தலைநகருக்குப் பிடித்து அனுப்புவதா என்று யோசித்தார்கள். அது காதில் விழுந்ததும் தப்பி, புல்வெளி நாட்டுக் கசார்களின் அரசனான காகானிடம் தஞ்சம் புகுந்தான். காகான் தன் தங்கையையே கட்டிக்கொடுத்தான். அவளுக்குத் தியோடோரா என்று பெயர் வைத்தான் ஜஸ்டினியன். முதலாம் ஜஸ்டினியனின் புகழ்பெற்ற மனைவியின் பெயர் அது. மூக்கும் இல்லாமல் நாடும் இல்லாமல் கிடந்தவன், மனைவிக்குப் பெயர் வைக்கும்போதே பேரரசியைத்தான் நினைத்திருக்கிறான்.

இதற்குள் தலைநகரில் லியோன்டியோஸும் வீழ்ந்து, மூக்கை இழந்து, ஒரு மடத்தில் கிடந்தான். புதிய அரசன் அப்சிமார், காகானுக்குப் பணம் காட்டி ஜஸ்டினியனின் உயிரைக் கேட்டான். மைத்துனனும் இணங்கினான். அண்ணனின் சதியைக் கணவனிடம் சொன்னவள் தியோடோரா. கொல்ல வந்த இருவரையும் ஒவ்வொருவராகத் தனியே அழைத்து, கயிற்றால் கழுத்தை நெரித்துக் கொன்றான் ஜஸ்டினியன். வயிற்றுப் பிள்ளையோடு இருந்த மனைவியை அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரு மீன்பிடிப் படகில் கடலில் இறங்கினான்.

நடுக்கடலில் புயல். படகு கவிழ்ந்துவிடும் போலிருந்தது. கூட இருந்த மியாக்கிஸ் என்ற பணியாள் கெஞ்சினான்: உயிர் பிழைத்து நாடு கிடைத்தால் எதிரிகளை மன்னிப்பதாகக் கடவுளுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், அரசே என்று. அவர்களில் ஒருவனை விட்டுவைப்பேனென்றால் கடவுள் என்னை இங்கேயே மூழ்கடிக்கட்டும் என்றான் ஜஸ்டினியன். அலையில் ஆடும் படகில் ஒரு வேலைக்காரன் காலைப் பிடித்துக் கேட்டும் அவன் வாயிலிருந்து மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. நான் கதை எழுதியிருந்தால் இந்த இடத்தில்தான் நாயகன் மனம் திருந்தியிருப்பான்.

படகு கரை சேர்ந்தது. பல்கர்களின் தலைவன் தெர்வெலிடம் 15,000 குதிரை வீரர்களைப் பெற்றுக்கொண்டு 705-இல் கான்ஸ்டான்டிநோபிள் மதிலுக்கு வெளியே வந்து நின்றான். மூன்று நாள் கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்டான். மதில்மேல் இருந்தவர்கள் அவன் முகத்தைச் சொல்லிக் கேலி பேசினார்கள். இரவில் சில ஆட்களோடு, நகருக்குத் தண்ணீர் கொண்டு வரும் குழாய்ப் பாதைக்குள் தவழ்ந்து உள்ளே போனான்.

இஸ்தான்புல் போயிருந்தபோது, நகருக்குத் தண்ணீர் சுமந்த வாலென்ஸ் பாலத்தின் கீழே நின்றேன். 4-ஆம் நூற்றாண்டுக் கட்டுமானம். இரண்டு அடுக்கு வளைவுகள். கீழ் வளைவுகளுக்குள் புகுந்து இன்றும் பேருந்துகள் போகின்றன. அவ்வளவு பெரிய நகரம், ஒரு வாய்க்காலைக் காவல் காக்கத் தவறியதால் ஒரே இரவில் கைமாறிவிட்டது.

அடுத்து நடந்தது குதிரைப் பந்தயத் திடலில். இன்று சுல்தானகமெட் சதுக்கம் என்கிறார்கள். எகிப்திலிருந்து வந்த ஒற்றைக்கல் தூண் இன்னும் அசையாமல் நிற்கிறது. 706-இல் லியோன்டியோஸையும் அப்சிமாரையும் சங்கிலியில் இழுத்து வந்து கிடத்தினார்கள். இருவர் கழுத்திலும் ஆளுக்கொரு காலை வைத்துக்கொண்டு பந்தயம் பார்த்தான் ஜஸ்டினியன். சிங்கத்தையும் பாம்பையும் மிதிப்பது பற்றிய பைபிள் சங்கீதத்தைக் கூட்டம் முழங்கியது. லியோன்டியோஸ் பெயரில் சிங்கம் இருக்கிறது, அப்சிமார் பெயரில் பாம்பின் சாயல். பந்தயம் முடிந்ததும் இருவர் தலையும் போயின. லியோன்டியோஸுக்கு முடிசூட்டிய தலைமைக் குருவின் கண்களைப் பிடுங்கினார்கள். தெர்வெலுக்கு 'சீசர்' பட்டம் கிடைத்தது. வெளிநாட்டான் ஒருவனுக்கு அதுவரை யாரும் கொடுத்ததில்லை. தியோடோராவும் கைக்குழந்தை திபெரியோஸும் தலைநகருக்கு வந்தார்கள். குழந்தைக்கும் முடிசூட்டினான். ஜஸ்டினியன் தங்க மூக்கு மாட்டிக்கொண்டான் என்று ராவென்னாவைச் சேர்ந்த பாதிரியார் ஒருவர் எழுதியிருக்கிறார்.

இதையெல்லாம் நமக்குச் சொல்லும் துறவி தியோஃபனிஸும் குரு நிகெஃபோரோஸும் பல பத்து வருடங்கள் கழித்து எழுதியவர்கள். இருவருக்கும் அவனைப் பிடிக்காது. கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கலாம். ஆனாலும் கெர்சோன் விஷயத்தில் அவன் செய்ததற்கு என்னால் எந்தச் சமாதானமும் தேட முடியவில்லை. தன்னைக் காட்டிக்கொடுக்க நினைத்த ஊரைப் பல வருடம் மனத்தில் வைத்திருந்து கப்பற்படை அனுப்பினான். ஊர்ப் பெரியவர்கள் ஏழு பேரை மரக்கழிகளில் கட்டி நெருப்பில் வாட்டினார்கள். இன்னும் இருபது பேரைப் படகில் கட்டி, கல்லை நிரப்பிக் கடலில் அமிழ்த்தினார்கள். அவன் அனுப்பிய ஆளுநன் எலியாஸ் ஊர் மக்கள் பக்கம் சேர்ந்துவிட்டான் என்று தெரிந்ததும், எலியாஸின் பிள்ளைகளைத் தாயின் மடியிலேயே கொல்லச் செய்தான்.

படையே அவனுக்கு எதிராகத் திரும்பியது. பர்தானிஸ் என்பவனைப் பேரரசன் என்று அறிவித்துத் தலைநகரை நோக்கிக் கப்பல்கள் வந்தன. 711-இன் கடைசியில் ஜஸ்டினியனைத் தனியாகப் பிடித்து, தலையை வெட்டினான் ஒருவன். அவன் பெயர் எலியாஸ்.

திபெரியோஸுக்கு அப்போது ஆறு வயது. பாட்டி அனஸ்தாசியா பேரனைத் தூக்கிக்கொண்டு பிளாக்கர்னே மாதா கோயிலுக்கு ஓடினாள். குழந்தை ஒரு கையால் பலிபீடத்தின் காலைப் பற்றிக்கொண்டான், மறு கையில் புனிதச் சிலுவையின் துண்டு, கழுத்தில் தாயத்துகள். புதிய அரசனின் ஆள் ஸ்த்ரூதோஸ் என்பவன் வந்தான். சிலுவைத் துண்டைப் பிடுங்கிப் பலிபீடத்தில் பக்தியோடு வைத்தான். தாயத்துகளைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டான். பிறகு குழந்தையை வெளியே தூக்கிப் போய்க் கழுத்தை அறுத்தான். பாட்டி இன்னொருவனின் காலில் விழுந்து கதறிக்கொண்டிருந்தாள். மகன் ஆட்சியில் அடி வாங்கிய அந்த அம்மாள்தான். 610-இல் தொடங்கிய ஹெராக்ளியஸ் வம்சம் அந்தக் குழந்தையோடு முடிந்தது.

இஸ்தான்புல்லின் அய்வன்சராய் பகுதியில் அந்தக் கோயில் இருக்கிறது. இப்போதுள்ள கட்டடம் 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, சின்னது. உள்ளே ஊற்று ஒன்று. வருகிறவர்கள் தீர்த்தம் பிடித்துப் போகிறார்கள். நானும் ஒரு பாட்டிலில் பிடித்தேன். குடிக்க மனம் வரவில்லை.

மதுரைச் சிறுமி இப்போது பெரிய வகுப்புக்குப் போயிருப்பாள். இந்தப் பத்திரிகை அவள் கையில் கிடைத்தால் ஒன்று சொல்ல வேண்டும். கண்ணு, அன்றைக்கு அத்தை சொன்னது சரியில்லை. துரத்தியவர்களை அவன் மன்னிக்கவில்லை.