கொட்டிலும் திருச்சபையே

“இடம்பெயர்ந்து வந்த இடத்தில் கோவிலுமில்லை, பூசையுமில்லை, விசுவாசத்தை எப்படிக் காப்பது?” எனப் பலர் வினவுகின்றனர். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிக் குருக்களை வெளியேற்றினர். 1687இல் புனித யோசேவாஸ் அடிகளார் மாறுவேடத்தில் வந்திறங்கும்வரை விசுவாசத்தைக் காத்தவை வீடுகளில் மறைவாகச் செபித்த எளிய குடும்பங்களே. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் குடும்பத்தை ‘இல்லத் திருச்சபை’ என்றழைத்தது.

வேலைக் களைப்பா? செபமாலையில் ஒரு பத்து மணி போதும். ஆனால் செபித்தெழுந்த கையோடு நிவாரண அரிசிக்காக அயலவருடன் சண்டை பிடிப்பதா? (அதுவும் நடக்கிறது!) விதைநெற் காசைத் தவறணையில் கொடுக்காமல் மனைவியுடன் கலந்து செலவிடுவதும் செபத்தின் தொடர்ச்சியே. இன்றிரவு விளக்கேற்றுமுன், வீட்டில் முகம்பாராதிருக்கும் இருவரை முதலிற் பேசவையுங்கள். பிறகு செபத்தைத் தொடங்கலாம்.